அத்தியாயம் 4: எந்தக் குப்பை எவ்வளவு தூரம் போகலாம்?

ஓர் ஊராட்சி தனியாக உட்கார்ந்து குப்பைத் திட்டம் போட்டால் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். 600 வீடுகளில் மாதம் முழுக்கச் சேரும் பால் கவரையும் பிஸ்கட் உறையையும் எடுத்துப்போக எந்த வியாபாரியும் வண்டி அனுப்பமாட்டார், அது ஒன்று. எதற்கும் உதவாத மிச்சத்தைப் போட இடம் இருக்காது, அது இன்னொன்று. கடைசியில் ஏரிக்கரை, சுடுகாட்டு ஓரம், தார்ச்சாலைப் பள்ளம் என்று ஊர் எல்லையில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். பக்கத்து ஊரும் அதே பள்ளத்தில்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இந்த அத்தியாயம் ஊராட்சி ஒன்றியத்தை அலகாக எடுத்துக்கொள்கிறது. சில பத்து ஊராட்சிகள், நடுவில் ஒன்றிரண்டு பேரூராட்சிகள், வாரச் சந்தை, கல்யாண மண்டபங்கள், புறவழிச்சாலை ஓட்டல்கள்: தமிழ்நாட்டு ஒன்றியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பேரூராட்சிக்கு நிர்வாகம் வேறு, நிதி வேறு என்று சொல்லி அதைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது வழக்கம். விடாதீர்கள். சந்தையும் மண்டபமும் இருப்பது அங்கேதான்.

ஒன்றிய அளவில் யோசியுங்கள் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது, எல்லாக் குப்பையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒரே ஆலையில் போட்டுவிடலாம் என்பது. இந்த யோசனைக்குப் பக்கத்து மாநிலமான கேரளம் நல்ல விலை கொடுத்திருக்கிறது. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தையும் தண்ணீர் கெட்டதையும் சொல்லி அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டிவிட்டது. பிறகு நீதிமன்ற உத்தரவும் போலீஸ் பாதுகாப்பும் இருந்தும் அதை மறுபடி ஓட்ட முடியவில்லை. ஆலப்புழை நகராட்சி சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. அங்கும் மக்கள் வண்டியை மறித்தார்கள். ஆனால் ஆலப்புழை வேறு வழி பிடித்தது. 2012 முதல் வீட்டுக்குக் குழாய் உரக்கலன், பயோகேஸ் கலன், தெருவுக்குப் பொது உரத்தொட்டி என்று ஈரக்குப்பையை நகரத்துக்குள்ளேயே முடிக்கத் தொடங்கியது. வெளியே அனுப்ப ஓர் ஊர் இல்லாமல் போன பிறகு பிறந்த யோசனை அது. நீங்கள் அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே திட்டத்தின் முதல் பக்கத்தில் தூரத்தை எழுதுங்கள். ஈரக்குப்பை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது; முடிந்தவரை வீட்டு வாசலையே தாண்டக் கூடாது. அதன் எடையில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். டீசல் போட்டுத் தண்ணீரைச் சுமப்பானேன்? விற்கக்கூடிய உலர் குப்பை ஒன்றியம் வரை போகலாம். அங்கே ஒன்றாகச் சேர்ந்தால்தான் பேரம் பேசுகிற எடை கிடைக்கும். யாரும் வாங்காத பல அடுக்கு உறைகள் மாவட்டம் தாண்டி சிமென்ட் ஆலை வரை போகலாம். காலாவதியான மருந்து, பேட்டரி, குழல்விளக்கு, இன்சுலின் ஊசி ஆகியவை எடையில் மிகக் குறைவு. ஆனால் எல்லாவற்றையும்விடத் தூரமாகவும் பத்திரமாகவும் போக வேண்டியவை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின. நாப்கினையும் டயப்பரையும் நான்காவதாகத் தனியே வாங்கிவிடுங்கள். உலர் குப்பையைக் கையால் பிரிக்கிற பெண்களிடம் ஒரு முறை பேசிப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

முதலில் தராசு

திட்ட அறிக்கைகளில் "ஒரு நபருக்கு இத்தனை கிராம்" என்று ஓர் எண் இருக்கும். அது எங்கோ ஒரு நகரத்தில் எடுத்த கணக்கு. உங்கள் ஒன்றியத்துக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தொங்கு தராசு ஒன்றும் பெரிய தார்ப்பாய் ஒன்றும் வாங்கி நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

ஒன்றியத்தில் நான்கைந்து விதமான தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். பேரூராட்சியின் கடைத்தெரு ஒன்று, அரசு ஊழியர்கள் குடியிருக்கும் நகர் ஒன்று, ஊர்த்தெரு ஒன்று, தலித் மக்கள் குடியிருக்கும் காலனித் தெரு ஒன்று, தோட்டத்து வீடுகள் சில. காலனியை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு பாதிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் தொடர்ந்து ஏழு நாள் நிறுக்க வேண்டும். அதில் சந்தை நாளும் வெள்ளிக்கிழமையும் வந்துவிடும். அமாவாசையும் சேர்ந்து வந்தால் நல்லது, பூசணிக்காயும் வாழையிலையும் எவ்வளவு கூடுகின்றன என்று தெரியும். ஆவணி அல்லது தை முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்தை மட்டும் தனியாக நிறுங்கள். கோடையில் இளநீர் மட்டையும் தர்பூசணித் தோலும் தனிக் கதை.

தார்ப்பாயில் கொட்டியதும் மேலே தெரிவது காய்கறித் தோலும் சோறும் தேயிலைச் சக்கையும். கிளறினால் அடியிலிருந்து ஷாம்பு பாக்கெட்டுகள், குழம்பு ஊற்றிக் கட்டிய பார்சல் கவர்கள், பால் கவரின் வெட்டிய முனைகள், கொசுவர்த்தி டப்பா, பூக்கட்டிய நார், பிய்ந்த செருப்பு. முடிச்சுப் போட்ட கறுப்புக் கவர் வந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். சானிட்டரி குவியலில் அப்படியே வையுங்கள். பால் கவரின் முனையைக் கவனித்தீர்களா? முழுதாக அறுத்து எறிந்த அந்தத் துண்டு குப்பையைப் பிரிக்கும் எந்தக் கூடத்திலும் பிடிபடாது, சாக்கடையில்தான் போய்ச் சேரும். முனையை முழுதாக வெட்டாமல் கவரோடு தொங்கவிடுங்கள் என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. இத்தகைய சின்ன விஷயங்கள் தார்ப்பாயின் முன் குந்தி உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். இதை ஒரு நிறுவனத்திடம் குத்தகைக்கு விடாமல் நீங்களே செய்யச் சொல்வதும் அதற்காகத்தான்.

கணக்கு எளிது. உங்கள் தராசு ஆளுக்கு 250 கிராம் என்று காட்டினால் 4,000 பேர் உள்ள ஊராட்சியில் நாளுக்கு 1 டன். அதில் 600 கிலோ ஈரம் என்றால் அந்த 600 கிலோவுக்கும் கொட்டகை கட்டக் கிளம்பிவிடாதீர்கள். மாடு, ஆடு, கோழி வளர்க்கிற வீடுகளிலும் தென்னங்குழி உள்ள வீடுகளிலும் எவ்வளவு வெளியே வராமல் நிறுத்த முடியும் என்று முதலில் கேளுங்கள். கொட்டகையின் அளவை அந்தப் பதில்தான் தீர்மானிக்க வேண்டும். நம் ஊர்களில் பல உரக்குடில்கள் பெரிதாகக் கட்டப்பட்டு, பிறகு சிமென்ட் மூட்டை அடுக்கவும் ஆடு கட்டவும் பயன்படுவதற்கு இந்தக் கேள்வியைக் கேட்காததும் ஒரு காரணம்.

மக்களிடம் எதைக் கேட்பது

"குப்பையைப் பிரித்துக் கொடுத்து அனைவரும் ஒத்துழைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." எத்தனையோ கிராம சபைத் தீர்மானப் புத்தகங்களில் இந்த வரி இருக்கிறது. இதில் மக்கள் தீர்மானித்தது என்ன? ஒன்றுமில்லை. முடிவை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் கேட்டால் மக்களும் கையெழுத்தை மட்டும்தான் தருவார்கள்.

இன்னும் முடிவாகாத விஷயங்களைக் கேளுங்கள். வண்டி காலை 7 மணிக்கா, மாலை 5 மணிக்கா? உலர் குப்பையை வாரம் ஒரு நாள் வாங்கினால் வீட்டில் வைக்க இடம் உண்டா? விற்ற பணம் வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலருக்கா, ஊராட்சிக் கணக்குக்கா, பாதிப் பாதியா? மாதக் கட்டணம் வேண்டுமா? வேண்டுமென்றால் கடைக்கும் மண்டபத்துக்கும் எவ்வளவு, குடிசைக்கு விலக்கு உண்டா? உரக்குடில் எங்கே? கேள்வி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு விடைகள் நிஜமாகவே சாத்தியமாக இருக்க வேண்டும். சாத்தியமில்லாததைக் கேட்டுவிட்டுப் பிறகு மறுப்பதைவிடக் கேட்காமலிருப்பது மேல்.

கிராம சபையில் நேரடியாக இதைத் தொடங்கினால் நான்கு பேர் பேசுவார்கள், நானூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன் ஒரு மாதம் மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்களுக்கு நீங்கள் போக வேண்டும். விடியற்காலையில் பால் சொசைட்டி, பொருள் போடுகிற நாளில் ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் மர நிழல், மகளிர் குழுக் கூட்டம், அங்கன்வாடி. இந்த இடங்களில் மைக்கும் பேனரும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதிகாரிகள் வராமலிருந்தால் இன்னும் நல்லது.

முதல் கூட்டம் தூய்மைக் காவலர்களோடு. தமிழ்நாட்டில் 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் இவர்களை அமர்த்தினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலையும் அறிந்த ஒரே ஆள் இவர்தான். வாசலில் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

"அக்கா, பச்சை பக்கெட்டுல கவரெல்லாம் கெடக்குதே."

"எதுல போட்டா என்னம்மா, நீங்க எல்லாத்தையும் ஒரே வண்டியில தான கொட்டுறீங்க!"

அந்த அக்கா சொல்வது சரி. வண்டியில் தடுப்பு இல்லாமல் வீட்டுக்கு இரண்டு பக்கெட் கொடுப்பது வீண். வாங்குகிற வரிசையை மாற்றுங்கள்: முதலில் தடுப்புள்ள வண்டி, அடுத்தது பிரித்து வைக்க மேடை, பக்கெட் கடைசியில். பழைய எண்ணெய் டின்னையும் உடைந்த குடத்தையும் வைத்துக்கொண்டே நிறைய வீடுகள் பிரித்துத் தருகின்றன.

இரண்டாவதாகப் பழைய பேப்பர்காரரையும் காயலான் கடைக்காரரையும் அழையுங்கள். பல திட்டங்கள் இவர்களைப் போட்டியாளர்களாகப் பார்க்கின்றன. எந்த அரசாணையும் வருவதற்கு முன்பே இரும்பு, பேப்பர், பாட்டில் ஆகியவற்றைக் குப்பைக்குப் போகாமல் பிடித்தவர்கள் இவர்கள். எந்தப் பொருளை இவர்கள் வாங்குவதில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றியம் கைவைக்க வேண்டியது அந்தப் பட்டியலில்தான். இரும்பை அவர்களிடமிருந்து பிடுங்கினால் அவர்கள் பிழைப்பும் போகும், உங்கள் கூடத்துக்கும் பெரிய லாபம் இராது.

கேட்டதையெல்லாம் இரண்டு பத்தியாக எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் "நீங்கள் சொன்னது", எதிரே "திட்டத்தில் செய்தது அல்லது செய்யாததற்குக் காரணம்". சொன்னது ஏற்கப்படவில்லை என்றால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொன்னது எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இதற்குப் பிறகுதான் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒன்றியம் முழுவதும் ஒரே நாளில் கூடுவதால் அதே கேள்வித்தாளை எல்லா ஊராட்சிகளிலும் ஒரே நாளில் வைக்க முடியும். பேரூராட்சியில் வார்டு கூட்டங்களையும் அதே வாரத்தில் நடத்தச் சொல்லிச் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இடம்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். ஒன்றியக் கூடத்துக்கோ மிச்சம் புதைக்கும் குழிக்கோ இடம் தேடும்போது வருவாய்த்துறை வரைபடத்தில் காலியாகத் தெரிகிற புறம்போக்கு பெரும்பாலும் காலனிக்கு அடுத்தோ சுடுகாட்டுக்கு அடுத்தோ ஏரி உள்வாயிலோ இருக்கும். அது தற்செயல் இல்லை என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். திட்டக் குழு அதைச் சொல்ல வேண்டும். காலனிக்கு அருகே உள்ள எந்த இடத்தையும் மற்ற எல்லா இடங்களையும் பரிசீலித்துக் காரணத்தோடு தள்ளிய பிறகே எடுப்போம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சட்டத்தில் பிடித்துக்கொள்ளவும் சில கைப்பிடிகள் உண்டு. 2016 விதிகளின்படி குப்பை நிரப்பு நிலம் ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளியும், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப் பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டியிருந்தது. இந்த வட்டங்களை ஒன்றிய வரைபடத்தில் நீங்களே வரைந்து பாருங்கள். குளமும் கிணறும் நிறைந்த டெல்டா ஒன்றியம் என்றால் வட்டங்களுக்கு வெளியே ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். அப்படியானால் புதைப்பதற்கு இடம் தேடுவதை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் குறைப்பதில் இறங்குங்கள்.

இடம் தரும் ஊராட்சியோடு ஒன்றியம் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். நாளுக்கு அதிகபட்சம் எத்தனை வண்டி, கலந்த குப்பையோடு வரும் வண்டியைத் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு, சுற்றியுள்ள கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர்ப் பரிசோதனை, வேலைவாய்ப்பில் அந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை இடம், எத்தனை ஆண்டில் மூடுவது. திருப்பி அனுப்பும் உரிமையை வாசலில் நிற்கும் அந்த ஊர்க் குழுவிடமே கொடுங்கள். ஒரு முறை ஒரு வண்டி திரும்பினால் போதும், கலந்து அனுப்பிய ஊரில் அன்று மாலையே கூட்டம் போடுவார்கள்.

வராத குப்பை

விழிப்புணர்வுப் பேரணிக்கு நான் எதிரி இல்லை; ஆனால் அதற்கான பணத்தில் எவர்சில்வர் தட்டு வாங்கலாம் என்று நினைப்பவன். ஊராட்சிக்கு ஒரு மகளிர் குழு 300 தட்டு, 300 டம்ளர், நான்கு தண்ணீர் டிரம் வைத்துக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வாடகைக்கு விட்டால், பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும் வருவது சட்டென்று குறையும். கழுவுவதற்கும் சேர்த்து வாடகை வையுங்கள். கழுவுகிற வேலைதான் மக்களைத் தயங்க வைக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்தது. இருந்தும் சந்தையில் கவர் ஓடுவதற்குக் காரணம், ஒரு கடை மறுத்தால் பக்கத்துக் கடை கொடுக்கிறது. இதை ஓர் ஊராட்சி தனியாகச் செய்ய முடியாது. ஒன்றியத்தின் எல்லாச் சந்தைகளிலும் ஒரே மாதத்தில் தொடங்கினால் முடியும்.

பொருளை விற்கும் இடத்திலேயே பிடிப்பது எப்படி என்பதற்கு நீலகிரி நல்ல உதாரணம். உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டு, 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை அங்கே வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. குடித்தவர் வீசினாலும் பொறுக்கிக் கொடுப்பவருக்குப் பணம் என்பதால் பாட்டில் பெரும்பாலும் காட்டில் கிடப்பதில்லை. உங்கள் ஒன்றியத்தில் இதை எதற்குச் செய்யலாம் என்று பால் விற்பவர்களையும் தண்ணீர் கேன் போடுபவர்களையும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் கேனுக்கு நாம் ஏற்கெனவே டெபாசிட் கட்டித்தான் வாங்குகிறோம். ரோட்டோரம் கிடக்கும் 20 லிட்டர் கேன் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

உரமும் கூடமும்

ஈரக்குப்பைக்கு நுட்பம் அதிகம் தேவையில்லை. நான்கு அடி நீளம், அகலம், உயரம் கொண்ட, காற்றோட்டமுள்ள தொட்டிகளைக் கேரளத்தில் தும்பூர்முழி முறை என்கிறார்கள். கீழே சாணம், மேலே காய்ந்த இலை, அதன் மேல் குப்பை, மறுபடி இதே வரிசை. நிறைந்ததும் மூன்று மாதம் மூடிவிட்டால் உரம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை குறைவு. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கோடையில் உதிரும் சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைப்பதுதான் மழைக்காலத்துக்கான தயாரிப்பு. கோழிக்கடைக் கழிவை மட்டும் கடைக்காரர்களோடு தனி ஏற்பாட்டில் வையுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்ந்தால் நாய்கள் தொட்டியை விடாது.

ஒன்றியக் கூடத்தைப் பொறுத்தவரை, தூய்மை பாரத இயக்கத்தின் ஊரக இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகுக்கு 16 லட்சம் ரூபாய் வரை இடமிருந்தது. ஊராட்சித் திடக்கழிவுப் பணிகளுக்கு 5,000 பேர் வரை உள்ள ஊரில் ஆளுக்கு 60 ரூபாய், அதற்கு மேல் 45 ரூபாய். இப்போதைய தொகையை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரைக்கும் இயந்திரமும் அழுத்திக் கட்டும் இயந்திரமும் வாங்கும் முன் மும்முனை மின்இணைப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். மின்சாரம் வராமல் துருப்பிடிக்கும் இயந்திரத்தைவிட நான்கு மேசையும் நல்ல வெளிச்சமும் பயனுள்ளவை.

அரைத்த பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்குத் தரலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. தாரில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் இடம்பிடிக்கும். பிவிசி சேரக் கூடாது. மிஞ்சும் பல அடுக்கு உறைக்குச் சிமென்ட் ஆலைதான். எரிதிறன் கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேலுள்ள கழிவைப் புதைக்கக் கூடாது என்றன 2016 விதிகள். அரியலூருக்கோ டால்மியாபுரத்துக்கோ அருகே உள்ள ஒன்றியங்களுக்கு லாரிச் செலவு கட்டுப்படியாகும். தொலைவில் உள்ளவர்கள் இரண்டு மூன்று ஒன்றியமாகச் சேர்ந்து லோடு நிறைந்ததும் அனுப்புங்கள்.

பழைய பொருள் விலை ஏறி இறங்கும். விலை நன்றாக இருந்த மாதத்தை வைத்துக் கூடத்தின் ஆண்டுக் கணக்கைப் போட்டால் ஆறாவது மாதம் சம்பளம் நிற்கும். காவலரின் சம்பளம் விற்பனையை நம்பி இருக்கக் கூடாது. விற்பனைப் பணம் அவருக்கு மேலதிக ஊக்கமாக மட்டும் போகட்டும். ஒவ்வொரு மாதமும் எந்த ஊராட்சியிலிருந்து எத்தனை கிலோ வந்தது, என்ன விலைக்குப் போனது, எத்தனை வண்டி திரும்பியது என்ற மூன்று எண்களைக் கூடத்தின் வாசலில் எழுதுங்கள். மார்ச் 22 கிராம சபையில் கட்டணத்தையும் பங்கையும் மறுபடி விவாதத்துக்கு வையுங்கள். அக்டோபர் 2-க்குள் உரக்குடிலின் கூரையும் வடிகாலும் சரியாக இருக்க வேண்டும், அதற்குள் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். பொங்கல் கழிந்த வாரம் அதே தெருக்களில், அதே தார்ப்பாயை விரித்து மறுபடி நிறுங்கள். போன ஆண்டு எழுதிய நோட்டை உடன் எடுத்துப்போக மறக்க வேண்டாம்.